மேம்பாலத்தில் மூச்சுவாங்கும் ஸ்கூட்டர்

லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம் என்று சொல்லி விற்கிற சின்ன மின்ஸ்கூட்டரை வாங்கி இரண்டு வருஷம் ஓட்டியவர்களுக்கு இந்தக் கூத்து தெரிந்திருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போது மீட்டரில் எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கும். சமதளத்தில் குறையில்லாமல் ஓடும். மேம்பாலம் பாதி ஏறியதும் கட்டங்கள் சரசரவென்று இறங்கிச் சிவப்புக்கு வரும்; மோட்டார் அடங்கிவிடும். ஓரமாகத் தள்ளி நிறுத்தி, பின்னால் வருகிற பஸ் டிரைவரிடம் திட்டு வாங்கி, ஐந்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருகினால் மீட்டரில் மறுபடியும் முக்கால்வாசி நிற்கும். வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

ஏற்றத்தில் குறைந்து, நின்றால் கூடுகிற பெட்ரோலை யாரும் பார்த்ததில்லை. அப்படியானால் அந்த ஐந்து நிமிஷத்தில் பேட்டரிக்குள் என்ன நடந்தது? இதற்கு விடை தெரிந்தால்தான், ‘பழசைக் கழற்றிவிட்டு லித்தியம் போட்டுக்கொள்ளலாமா, அதை வீட்டிலேயே செய்யலாமா’ என்ற கேள்விக்குப் போக முடியும். பேட்டரி செத்துப்போன ஸ்கூட்டரை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இன்று கேட்கிற கேள்வி அது.

முதலில் மூடியைத் திறப்போம். சீட்டுக்கு அடியிலோ கால் வைக்கும் பலகைக்கு அடியிலோ நான்கு கறுப்புப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி, ஏறக்குறைய 7 கிலோ. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஆறு அறைகள். ஓர் அறை ஒரு மின்கலம், சுமார் 2 வோல்ட் தரும். ஆக மொத்தம் 24 மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து 48 வோல்ட் ஆகின்றன. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடு, ஈய டை ஆக்சைடு பூசிய தகடு, இரண்டுக்கும் நடுவே நீர் கலந்த கந்தக அமிலம். பிரான்சில் கஸ்தோன் பிளாந்தே இதைச் செய்து காட்டியது 1859-இல். காருக்கும் பல்புக்கும் முந்திய சரக்கு. இன்னமும் அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறோம்.

மின்சாரத்தை எடுக்கும்போது இரண்டு தகடுகளும் அமிலத்திலிருந்து சல்பேட்டை வாங்கி ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் போட்டால் இதெல்லாம் தலைகீழாக நடக்கும். இங்கே கவனிக்க வேண்டியது தகட்டின் உடம்பு. அது வழவழப்பான உலோகப் பலகை அல்ல. நுண்துளைகள் நிறைந்தது. வேதிவினை பெரும்பாலும் அந்தத் துளைகளுக்குள்ளேதான் நடக்கிறது. துளைக்குள் இருக்கிற அமிலம் தீர்ந்ததும் வெளியே இருக்கிற அமிலம் மெல்ல உள்ளே நுழைய வேண்டும். அடர்த்தி அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத் தானாகவே பரவுகிற இந்த நகர்வுக்கு விரவல் என்று பெயர். விரவலுக்கு அவசரம் தெரியாது. சமதளத்தில் மோட்டார் 6, 7 ஆம்பியர் கேட்கும்போது விரவல் ஈடுகொடுக்கிறது. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது மோட்டார் 20 ஆம்பியர் வரை கேட்கும். துளைக்குள் அமிலம் வற்றி, அந்த இடம் கிட்டத்தட்ட வெறும் தண்ணீராகிவிடும். மின்னழுத்தம் சரிகிறது. வண்டியை நிறுத்தினால் வெளி அமிலம் ஊறி உள்ளே வருகிறது, மின்னழுத்தம் ஏறுகிறது. ஐந்து நிமிஷ மர்மத்தில் பாதி இவ்வளவுதான்.

இது வெறும் ஊகம் அல்ல. 1897-இல் வில்ஹெல்ம் பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் ஈய பேட்டரிகளை வெவ்வேறு வேகத்தில் காலி செய்து அளந்தார். மெதுவாக எடுத்தால் நிறைய கிடைக்கிறது, வேகமாக எடுத்தால் குறைவாகக் கிடைக்கிறது என்பதை ஒரு விதியாகவே எழுதினார். இன்றும் பேட்டரித் தொழிலில் அவர் பெயரில்தான் அந்த விதி வழங்குகிறது. இதில் முக்கியமான சங்கதி, வேகமாக எடுத்துக் ‘காலி’ செய்த பேட்டரியைக் கொஞ்சம் ஆறவிட்டு மெதுவாக எடுத்தால் மீதியும் வந்துவிடும் என்பது. சரக்கு உள்ளேதான் இருந்தது. வர வழியில்லாமல் இருந்தது. அதனால் பேட்டரி மேல் ‘20 ஆம்பியர்-மணி’ என்று எழுதியிருந்தால் ‘எத்தனை மணி நேரக் கணக்கில்?’ என்று கேட்க வேண்டும். 20 மணி நேரம் சொட்டுச் சொட்டாக எடுத்து அளந்த 20-ம், இரண்டே மணி நேரத்தில் எடுத்து அளந்த 20-ம் ஒன்றல்ல. இன்வெர்ட்டருக்கும் யூபிஎஸ்ஸுக்கும் செய்த பேட்டரியை ஸ்கூட்டரில் வைத்து ஏமாறுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

மர்மத்தின் மறுபாதி வயசு. பாதி சார்ஜில் பல நாள் நிறுத்திவைத்த பேட்டரியில் ஈய சல்பேட் பெரிய, கெட்டியான படிகங்களாக இறுகிவிடுகிறது. பிறகு சார்ஜ் போட்டாலும் கரைய மறுக்கும். தகட்டில் வேலை செய்கிற பரப்பு குறையும். உள்ளுக்குள் மின்தடை ஏறும். இதை நம் கண்ணால் பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டரும் கார் ஹெட்லைட்டின் ஹாலஜன் பல்பும் போதும்.

இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, எடுத்து ஒரு மணி நேரம் ஆறவிட்ட பழைய பேட்டரிகள் நான்கையும் தனித்தனியாக அளந்தால் 12.6, 12.6, 12.4, 12.6 என்று காட்டலாம். பார்த்தால் எல்லாம் ஆரோக்கியம். பல்பின் இரண்டு இழைகளும் எரியும்படி ஒவ்வொரு பேட்டரியிலும் இணைத்தால் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். 12.0, 12.1 என்று வந்துகொண்டிருந்த மீட்டர் மூன்றாவது பெட்டியில் 10.2-க்கு விழுந்தால் திருடன் அகப்பட்டான். 9 ஆம்பியருக்கே 2.2 வோல்ட் சரிகிற பெட்டி, மேம்பாலத்தின் 20 ஆம்பியருக்கு ஏறக்குறைய 5 வோல்ட் சரிந்து 7.5-இல் நிற்கும். மற்ற மூன்றும் தலைக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் சரியும். நான்கையும் கூட்டினால் 42-க்குக் கீழே வந்துவிடும். 48 வோல்ட் ஈய பேட்டரிக்கான கன்ட்ரோலர், அதாவது மோட்டாருக்கு மின்சாரம் விடுகிற பெட்டி, மோட்டாரை நிறுத்துகிற எல்லை பொதுவாக இந்த 42 வோல்ட்தான். சுமை கொடுக்காமல் வோல்ட் மட்டும் பார்த்து ‘பேட்டரி நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்கிற மெக்கானிக்கை நம்ப வேண்டாம்.

ஒரு பெட்டி கெட்டால் மற்ற மூன்றும் ஏன் சேர்ந்து படுக்க வேண்டும்? தொடர் இணைப்பின் தலையெழுத்து அது. வீடு கட்டுகிற இடத்தில் லாரியிலிருந்து மாடி வரை ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒருவருக்குக் கை ஓய்ந்தால் அவருக்கு முன்னால் நிற்கிற பயில்வானாலும் வேகமாகக் கொடுக்க முடியாது. பின்னால் நிற்பவருக்கும் வேலை இல்லை. தொடரில் எல்லா மின்கலங்கள் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் போகிறது. ஓய்ந்த கலத்தின் அளவே வரிசையின் அளவு. அதனால் கெட்ட ஒன்றை மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை. புதுசு வந்தாலும் பழசுகள் மூன்றும் அதை இழுத்துப் பிடிக்கும். சார்ஜ் ஏற்றும்போதும் எல்லாம் ஒரே நேரத்தில் நிறையாமல், சில பொங்கும், சில பாதியில் நிற்கும். மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும். எப்படியும் நான்கையும் மாற்றப்போகிறோம், லித்தியமாகவே போட்டால் என்ன என்ற யோசனை இங்கேதான் பிறக்கிறது.

லித்தியம் என்பது ஒரு பேட்டரியின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். ஸ்கூட்டர் சந்தையில் இரண்டு பேர் முக்கியம். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் சேர்ந்த என்எம்சி ஒன்று. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த எல்எஃப்பி மற்றொன்று. பின்னதை 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து விவரித்து எழுதியவர்கள் அக்‌ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி, ஜான் குட்இனஃப். குட்இனஃபுக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. லித்தியம் பேட்டரிக்கான 2019 நோபல் பரிசில் பங்கு பெற்றபோது அவருக்கு 97. ஓய்வுபெறும் வயது என்று ஒன்று இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

வீட்டு உபயோகத்துக்கு என் ஓட்டு எல்எஃப்பிக்கு. காரணம் அதன் வேதியியல். என்எம்சி மிதமிஞ்சிச் சூடானால் அதன் நேர்மின்வாய் ஆக்சிஜனை வெளிவிடும். தீக்கு வேண்டிய காற்று பேட்டரிக்குள்ளிருந்தே கிடைத்துவிடும். எல்எஃப்பியில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் எளிதில் விடாது. எரியவே எரியாது என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அது பொய். உள்ளே இருக்கிற மின்பகுளித் திரவம் எரியக்கூடியதுதான். ஆனால் எல்எஃப்பியில் தீ தொற்றுவதும் பரவுவதும் கடினம். எடை அதிகம் என்பது என்எம்சியோடு ஒப்பிட்டால் வருகிற குறை. ஈயத்தோடு ஒப்பிட்டால் 28 கிலோ இருந்த இடத்தில் பத்து கிலோவை ஒட்டித்தான் வரும். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றாலும், ஈய பேட்டரி சில நூறு சார்ஜ் சுற்றுகளில் ஓயும் இடத்தில் இது இரண்டாயிரம் சுற்று வரை தாங்கும்.

மேம்பாலத்தில் என்ன ஆகும்? லித்தியத்தில் அமிலம் வற்றுகிற கதை இல்லை. இங்கே மின்பகுளி செலவாவதில்லை. லித்தியம் அயனிகள் ஒரு மின்வாயிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறுகின்றன, அவ்வளவே. அயனிகளும் விரவலை நம்பித்தான் இருக்கின்றன, ஆனால் துகள்கள் மிகச் சிறியவை, கடக்க வேண்டிய தூரம் கொஞ்சம். 20 ஆம்பியர் எடுத்தாலும் மொத்தத்தில் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் சரியாது. பாய்க்கெர்ட் விதியும் இங்கே ஏறக்குறையப் பல்லில்லாதது. அதனால்தான் பெயரளவில் அதே 20 ஆம்பியர்-மணி போட்டாலும் ஈயத்தில் முப்பது கிலோமீட்டர் ஓடிய வண்டி லித்தியத்தில் நாற்பதை எட்டுகிறது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. லித்தியம் போட்டபின் வண்டியின் பழைய மீட்டர் பொய் சொல்லத் தொடங்கும். வெகுதூரம் வரை முழுசாகக் காட்டிவிட்டுக் கடைசியில் சட்டென்று காலி என்னும். அந்த மீட்டர் அளப்பது சார்ஜை அல்ல, மின்னழுத்தத்தை. ஈயத்தில் சார்ஜ் குறையக் குறைய மின்னழுத்தமும் படிப்படியாகக் குறையும் என்பதால் கணக்கு ஒத்துவந்தது. எல்எஃப்பியிலோ 80 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை ஒரு செல்லின், அதாவது ஒரு மின்கலத்தின், மின்னழுத்தம் 0.1 வோல்ட்கூட மாறுவதில்லை. காரணம் எக்ஸ்-கதிர் படங்களில் தெரிந்தது. பல பொருள்களில் லித்தியம் எங்கும் சீராகக் குறைந்துகொண்டே போகும். எல்எஃப்பியிலோ லித்தியம் நிறைந்த படிகம், லித்தியம் இல்லாத படிகம் என்று இரண்டே வகை பெரும்பாலும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஒன்று குறைய மற்றொன்று கூடுகிறது. இரண்டு வகையும் கூடவே இருக்கும் வரை மின்னழுத்தம் அசையாது. எனவே மீதியை அறிய வேண்டுமானால் உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரைக் கூட்டிக் கழிக்கிற கருவி வேண்டும். செல்களைச் சேர்த்துக் கட்டிய நல்ல பேக்குகளில் பிஎம்எஸ் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு போனுக்கும் அனுப்பும்.

பிஎம்எஸ் என்பது பேட்டரி மேலாண்மைப் பலகை. ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் தனித்தனியாகப் பார்த்து, ஏதாவது ஒன்று எல்லை மீறினாலும் மொத்தப் பேக்கையும் துண்டிக்கும், சூட்டையும் கவனிக்கும், சார்ஜின் கடைசியில் முந்திக்கொண்ட செல்லைத் தடுத்து வரிசையைச் சமன்செய்யும். ஈயத்துக்கு இது இல்லாமல் ஓடியது, ஏனென்றால் சற்றே மிஞ்சிய சார்ஜை ஈயம் தண்ணீரைப் பிரித்துக் கழித்துவிடும். லித்தியத்திடம் அந்தப் பொறுமை இல்லை.

ஆனாலும் வீட்டில் மாற்றுபவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் பிஎம்எஸ்ஸில் அல்ல, சார்ஜரில். ‘48 வோல்ட் பேட்டரி, 48 வோல்ட் சார்ஜர், பழசே இருக்கட்டும்’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஈயச் சார்ஜர் ஏறத்தாழ 58.8 வோல்ட் வரை ஏற்றும். எல்எஃப்பி செல் ஒன்றின் உச்ச வரம்பு 3.65 வோல்ட். 16 செல் பேக் என்றால் 58.4, நூலிழையில் மிஞ்சுகிறது. 15 செல் பேக்கும் ‘48 வோல்ட்’ என்றே விற்கப்படுகிறது; அதில் செல்லுக்கு 3.9 வோல்ட்டுக்கு மேல் போகும். 13 செல் என்எம்சியும் அதே ‘48 வோல்ட்’தான், 4.2 தாண்டக் கூடாத செல்லில் 4.5 வோல்ட்! பிஎம்எஸ் வெட்டிவிடுமே என்பீர்கள். வெட்டும். தினமும் அதை வெட்டவைத்துக்கொண்டிருந்தால், அது பழுதாகிற அன்றைக்கு வெட்ட ஆள் இருக்காது. பிஎம்எஸ் கடைசிக் காவல். அன்றாட பிரேக் அல்ல. புது பேக்கோடு அதற்கென்றே செய்த சார்ஜரையும் வாங்கித்தான் ஆக வேண்டும். பழைய சார்ஜரைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அவசரத்தில் யாராவது மாட்டிவிடுவார்கள்.

அடுத்த ஆசை வேகம். இந்த வண்டிகளின் சக்கரத்துக்குள் இருக்கிற மோட்டார் மின்னழுத்தத்துக்கு ஏற்பச் சுழல்வது. 48-க்குப் பதில் 60 வோல்ட் பேக் வைத்தால் வேகம் கூடும் என்பது உண்மை. பல 48 வோல்ட் கன்ட்ரோலர்களில் உள்ள மின்தேக்கிகள் 63 வோல்ட்தான் தாங்கும் என்பதும், முழுச் சார்ஜில் 60 வோல்ட் பேக் அதைத் தாண்டும் என்பதும் அதே அளவு உண்மை. சட்டமும் இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு என்பதால்தான் லைசென்ஸும் பதிவும் கேட்கவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டினால் அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் காப்பீடு, வழக்கு எல்லாம் வேறு மாதிரி பேசும். வேகம் மாறாவிட்டாலும், வண்டிக்கு ஒப்புதல் தந்தது அதோடு வந்த பேட்டரியையும் சேர்த்துத்தான். ஆகவே தயாரித்த கம்பெனியே லித்தியம் மாற்று தருகிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஏஐஎஸ்-156 விதிப்படி சோதித்த பேக் மட்டும் வாங்குங்கள். 2022-இல் நாட்டின் பல இடங்களில் மின்ஸ்கூட்டர்கள் எரிந்தபின் கடுமையாக்கப்பட்ட விதி அது. அந்த ஆண்டு மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் இறந்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. வாசலையும் மாடிப்படியையும் அடைத்துக்கொண்டு சார்ஜ் போடாதீர்கள். தீயைவிடப் புகை வேகமாகக் கொல்லும், ஓட வழி வேண்டும்.

எது வீட்டு வேலை, எது அல்ல? பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய செல்களை அடுக்கி, சாதாரண பற்றாசுக் கோலால் ஒட்டி பேக் கட்டும் வீடியோக்களைப் பார்த்து யாரும் இறங்க வேண்டாம். செல்லின் முனையில் படுகிற சூடு உள்ளே இருக்கிற பிரிப்புத் தாளைக் கெடுக்கும். வேறு வேறு வயதுச் செல்கள் ஒரே வரிசையில் நிற்கும். கெடுதல் அன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் தெரியும். ஆயத்தமாக மூடி வந்த பேக்கைப் பழைய இடத்தில் பொருத்துவது மட்டுமே கைப்பழக்கம் உள்ளவர் வீட்டில் செய்யக்கூடியது.

அதிலும் நிதானம் வேண்டும். 48 வோல்ட் உலர்ந்த கையைப் பெரிதாக அடிக்காது என்பதால் அசட்டை வந்துவிடும். ஆபத்து அடியில் இல்லை, குறுக்கு இணைப்பில் இருக்கிறது. இந்தப் பேக்குகளின் உள் மின்தடை அவ்வளவு குறைவு என்பதால், ஸ்பேனர் தவறி இரண்டு முனைகளையும் தொட்டால் ஒரு நொடியில் ஆயிரம் ஆம்பியரை ஒட்டிப் பாயும். ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். விரலில் மோதிரம் இருந்தால் அதுவும் சிவந்துவிடும். மோதிரம், வாட்ச், வளையல் எல்லாம் கழற்றியாக வேண்டும். ஸ்பேனரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். வண்டியின் எம்சிபியை (மெயின் சுவிட்சை) அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பேட்டரிகளை இணைக்கும் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய முனையை உடனே டேப்பால் மூடுங்கள். புது பேக்கின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். நடுவழியில் ஃபியூஸ் வைத்தால் அதற்கு முன்பிருக்கிற வயருக்குக் காவல் இல்லை. இணைக்கும்முன் முனைகளை மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள், சிவப்பு வயர் என்பதால் மட்டும் அது நேர்முனை ஆகிவிடாது. இணைக்கும் கணத்தில் சின்னப் பொறி வந்தால் பயப்பட வேண்டாம். கன்ட்ரோலரின் மின்தேக்கிகள் நிரம்புவதால் வருவது அது. பழைய பெட்டிகளின் இடம் பெரிது, புது பேக் சிறிது. நடுவே ரப்பரோ தடித்த ஃபோமோ திணித்து ஆடாமல் இறுக்குங்கள். நம் ரோட்டுக் குழிகளில் ஆடுகிற பேக்கின் வயர்கள்தான் முதலில் தேயும்.

கடைசியாக, கழற்றிப்போட்ட அந்த 28 கிலோ. அதில் பாதிக்கு மேல் ஈயம். பழைய இரும்புக்காரரிடம் போட்டால் அவர் உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தை உருக்க அனுப்புவார். அந்தப் புகையும் மண்ணும் முதலில் பாதிப்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளையை. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறுவதும் மறுசுழற்சிக்கு அனுப்புவதும் உற்பத்தியாளர் பொறுப்பு. பேட்டரிக் கடைகளும் எடை போட்டு எடுத்துக்கொண்டு விலையில் கழித்துத் தருகின்றன. புது பேக் வாங்கப் போகும்போதே பழைய நான்கையும் உடையாமல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.